கேட்டுக்கு வெளியே கிடந்த பச்சை ஓலை

என் அண்ணன் தினமும் காலையில் எனக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்புகிறான். வாட்ஸ்அப்பில்தான். பூவுக்குக் கீழே 'இனிய காலை வணக்கம்' என்று மினுமினுக்கும். ஆறு வருடமாக அனுப்புகிறான், நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. அவன் எண்ணைத் தடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. செய்யமாட்டேன். அவன் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், நான் வாயைத் திறக்காமலே இருக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு திருப்தி.

போன மாதம் பூவுக்குப் பதிலாக அவன் குரலே வந்தது. அவன் மகள் வயசுக்கு வந்துவிட்டாளாம்.

"தங்கச்சி, அத்தக்காரி நீ இல்லாம புள்ளைக்கு யாரு தண்ணி ஊத்துவா? கார்டு நேர்ல கொண்டாந்து வெக்கணும் லா. போன்ல அனுப்பினா மரியாதையா இருக்குமா? அட்ரஸ் மட்டும் அனுப்பு. நானும் ஒன் அண்ணியும் தட்டோட வரோம்."

அட்ரஸ் மட்டும். மந்தின் டவுனில் நான் வேலை பார்க்கும் பள்ளிக் கேண்டீனில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது இதைக் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டேன். உடம்பெல்லாம் எரிந்தது. அதே குழைவு, அதே தேன். கூட வேலை செய்கிறவள், "என்னக்கா, யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இன்னும் சாகவில்லை என்றேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ரந்தாவிலிருந்து போர்டிக்சன் போகிற பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குடியிருந்தோம். என் புருஷன் பனங்குலை ஏற்றும் லோரி ஓட்டினான். தோட்டத்து வீடு வேலைக்கு உரியது, வேலை அவனுக்கு உரியது. ஆகவே நான் பதினான்கு வருடம் கூட்டிப் பெருக்கிய வீட்டில் ஒரு ஜன்னல் கூட என்னுடையது இல்லை. அதை அவன் எனக்குச் சொல்லிக்கொண்டே அடிப்பான். "யாரு வூட்ல இருக்கேன்னு தெரியுதா?" என்பான். தெரிகிறது என்று சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி.

மூன்று தடவை அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். மூன்று தடவையும் அவன் என்னைத் தன் வேனில் ஏற்றி, வழியில் நிறுத்தி ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி, என்னையும் பழத்தையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். "மாப்ள, கோவத்தக் கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்பான். பிறகு இருவரும் வாசலில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். நான் உள்ளே வீங்கிய கன்னத்தோடு அந்த ஆப்பிளை அறுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தட்டைத் தூக்கி இரண்டு பேர் மண்டையிலும் அடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

நான்காவது தடவை அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மகளின் பள்ளிப் பையில் அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் போட்டுக்கொண்டு, காலை பஸ்ஸில் ஏறி, போலீசில் புகார் கொடுத்தேன். அங்கிருந்தவர் புகாரை எழுதிக்கொண்டே, வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசிப் பார்க்கிறாயா என்று மலாய் மொழியில் கேட்டார். நான் சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசாமல் எழுதினார். அன்று சாயங்காலம் டீச்சர் காரில் வந்து எங்களை அழைத்துப் போனார்.

டீச்சர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிலோன்கார கிறிஸ்துவக் குடும்பம். நகரத்தில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூலை வீடு ஒன்றை எங்களைப் போன்றவர்களுக்காக நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எல்லோரையும் 'நீங்கள்' என்பார், சிரிக்கமாட்டார், குளித்த பிறகு பாத்ரூம் தரையைத் துடைத்தோமா என்று எட்டிப் பார்ப்பார். ஐஸ்பெட்டிக் கதவில் மூன்று விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். இந்த வீட்டின் முகவரியை யாருக்கும் சொல்லக்கூடாது. கைத்தொலைபேசி டீச்சரிடம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கைக்கு வரும். இந்த வீட்டில் யாரும் யார் மேலும் கை வைக்கக்கூடாது.

"முதலாவதுதான் முக்கியம். இந்த வீட்டுக்கு அதுதான் பூட்டு. இரும்புப் பூட்டை எவனும் உடைப்பான்" என்றார் டீச்சர்.

அப்போது அந்த வீட்டில் என்னையும் மகளையும் தவிர இரண்டு பேர். ஒருத்தி இந்தோனேசியாக்காரி. ஒரு பணக்கார வீட்டில் வேலைக்கு நின்று, கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு சமையலறையில் படுக்கவைத்த இடத்திலிருந்து தப்பி வந்தவள். மலாய் மொழியில் அக்காவுக்குக் 'காக்கா' என்பார்கள், அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். முதல் இரண்டு நாள் என் மகளுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வந்துவிடும், காக்காவும் காரணம் தெரியாமல் கூடவே சிரிப்பாள். இன்னொருத்தி எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண், இருபத்திரண்டு வயது, வயிற்றில் ஏழு மாதம். அவளைச் சின்னவள் என்று கூப்பிட்டோம். மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். பிள்ளை பெறும்வரை அங்கேயே இருக்கலாம் என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ராத்திரி தூங்கினாள்.

நாங்கள் போய் ஐந்து வாரம் ஆனபோது, ஒரு புதன்கிழமை என் மகள் வயசுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது.

அந்தப் பெண்கள் குறை வைக்கவில்லை. சின்னவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்று உளுந்தங்களி கிண்டினாள். காக்கா முட்டை அவித்தாள், எதற்கு என்று கேட்கவே இல்லை. டீச்சர் தன் பீரோவிலிருந்து கசங்காத புதுப் பாவாடை சட்டை கொண்டு வந்தார். "இங்கேயே நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்வோம். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது" என்றார். மகள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

எனக்குத்தான் போதவில்லை. தாய்மாமன் வந்து பச்சைத் தென்னோலையில் குச்சு கட்டி, அந்தச் சின்னக் குடிசைக்குள் பெண்ணை உட்கார வைத்து, சீர்த்தட்டு வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் எந்தக் குடிகாரன் வீட்டிலும் இது நடக்காமல் இருந்ததில்லை. என் மகள் மட்டும் மாமன் இல்லாதவளைப் போல, ஊர் தெரியாத வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போனவள் மகள்தானே, ஓலை கட்ட ஒரு ஆள் கூட வரவில்லை என்று கோவில் வாசலில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பதினான்கு வருடம் அடி வாங்கியபோது வாயைத் திறக்காத அந்த ஊர் என்ன பேசும் என்று நான் கவலைப்பட்டேன். என்னைப் போல ஒரு முட்டாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சமையலறையில் மகளிடம், மாமாவுக்குச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"வேணாம்மா. மாமா சொல்லிருவாரு. எனக்கு ஓலை வேணாம், ஒண்ணும் வேணாம்."

"மாமன் இல்லாம என்னடி சடங்கு?"

"ஒங்களுக்குத்தான் வேணும். எனக்கு இல்ல."

அறைந்தேன். கை தானாகப் போனது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் என் புருஷனும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொன்னான். காக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் முதலில் கை ஓங்கியது நான். டீச்சர் வந்தார், ஐஸ்பெட்டியில் இருந்த காகிதத்தைக் காட்டவில்லை, என்னைப் பார்த்தார். "இன்னொரு முறை நடந்தால் நான் உங்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டி வரும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. என் பிள்ளையை அடிக்க எனக்கு உரிமை இல்லையா என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை சின்னவளுக்கு மருத்துவமனையில் சோதனை நாள். அதற்காக டீச்சர் அவளுடைய கைத்தொலைபேசியை அவளிடம் கொடுத்திருந்தார். திரும்பி வந்து அவள் அதைக் கொடுப்பதற்குள் நான் கேட்டேன். ஒரே நிமிடம், என் அண்ணன்தான் என்றேன். அவளுக்கு அண்ணன் இல்லை. "கூடப் பொறந்தவங்கதானேக்கா, பேசுங்க" என்று நீட்டினாள்.

முதலில் நான் அண்ணனிடம் வீட்டைச் சொல்லவில்லை. நகரத்தில் ஒரு கோவிலுக்கு வந்து தட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போ என்றேன். அவன் போனிலேயே அழுதான்.

"குச்ச கோவில்லயா கட்டுவாங்க? புள்ள உக்கார்ற வூட்லதான கட்டணும்? ஒரே ஒரு தடவ புள்ளயப் பாத்துட்டுப் போயிருவேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், மாரியம்மன் சத்தியமா. முறைக்குச் செய்யணும், அவ்வளவுதான். அட்ரஸ் மட்டும் குடு."

கொடுத்தேன். தாமான் பெயர், சாலை எண், வீட்டு எண், மூலை வீடு, பச்சை கேட். வழி தவறிவிடப் போகிறானே என்று எதிரில் இருக்கும் கடையையும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. பின்கதவுக்கு வெளியே பச்சை ஓலை நீட்டிக்கொண்டு, சாலையைப் பெருக்கிக்கொண்டே வந்தது. அண்ணி பட்டுப்புடவையில் இறங்கினாள், அண்ணன் இறங்கினான். பிறகு நடுக்கதவு திறந்தது, என் புருஷன் இறங்கினான்.

வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் மல்லிகை மாலை. கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு சுத்தமாக இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரை மெதுவாகக் கூப்பிட்டான். அவன் கத்தியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என் மகள் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது.

"அண்ணே, சத்தியம் பண்ணியே!" என்றேன்.

அண்ணனுக்கு என் கோபம் புரியவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. கள்ள முழி முழித்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவன் பெரிய நல்ல காரியம் செய்தவன் மாதிரி நின்றான்.

"வெளியாளு யாருகிட்ட சொன்னேன்? பெத்த அப்பன் லா. அப்பன் இல்லாம புள்ளைக்குச் சடங்கு செஞ்சா சபையில என் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்? நான் முறையத்தான் செஞ்சேன்."

டீச்சர் வெளியே வந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றார். திறக்கமாட்டேன், இவர் மனைவியையும் பிள்ளையையும் நெருங்கக்கூடாது என்று நீதிமன்ற ஆணை இருக்கிறது, போய்விடுங்கள் என்றார். அப்போதுதான் வேட்டி மனிதன் மறைந்து என் புருஷன் வந்தான். கேட்டை உதைத்தான். மாலையை அறுத்து டீச்சர் முகத்தில் வீசினான். காக்கா உள்ளேயிருந்து போலீசுக்குப் போன் செய்தாள். கடவுச்சீட்டு இல்லாதவள், போலீஸ் என்றாலே நடுங்குகிறவள், அவள்தான் செய்தாள். போலீஸ் வந்து, ஆணையைப் படித்து, அவனை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணன் அவர்களிடம், "குடும்ப விசேஷம், துவான்" என்று சொல்லிக்கொண்டே ஜீப் வரைக்கும் ஓடினான்.

அதோடு முடிந்திருந்தால் டீச்சர் சமாளித்திருப்பார். ஆனால் கலவரம் தொடங்குவதற்கு முன்பே அண்ணி ஒரு காரியம் செய்திருந்தாள். சீர்த்தட்டுகளைக் கேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இருக்கும் கோவில் குரூப்பில் போட்டுவிட்டாள். தட்டுகளுக்கு மேலே வீட்டு எண் தெளிவாகத் தெரிந்தது. கேட்டுக்கு உள்ளே, வேடிக்கை பார்க்க வந்து நின்ற சின்னவளின் பாதி முகமும் வயிறும் தெரிந்தன. ஒரு மணி நேரத்தில் அவள் மாமியார் பார்த்துவிட்டாள். எங்கள் தோட்டங்களில் யாருக்கு யார் சொந்தமில்லை?

திங்கட்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்தார் டீச்சர். சத்தம் போடவில்லை, என்னைத் திட்டவில்லை. ஐஸ்பெட்டியில் ஒட்டிய காகிதத்தைக் கிழியாமல் உரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காக்காவைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். எனக்கும் மகளுக்கும் வேறு மாநிலத்தில் ஓர் அறை கிடைத்தது. சின்னவளுக்கு மட்டும் உடனே ஒன்றும் அமையவில்லை. கைக்குழந்தைக்கு வசதியுள்ள இடம் வடக்கே எங்கோ இருந்தது, அதுவும் இரண்டு வாரம் கழித்துத்தான். மாமியார் அதற்குள் கேட்டுக்கு வந்து நின்றாள். அழுதாள், காலில் விழுகிறேன் என்றாள், என் மகன் திருந்திவிட்டான் என்றாள். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சின்னவள் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

நான் அப்போது வாசலில் குந்தியிருந்து ஓலையை வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் போட்டுவிட்டுப் போன ஓலை கேட்டுக்கு வெளியே கிடந்தது. முழு ஓலையைக் குப்பை லோரிக்காரர்கள் எடுக்கமாட்டார்கள், துண்டு துண்டாக வெட்டிப் பையில் கட்ட வேண்டும் என்று டீச்சர் என் கையில் பாராங்கத்தியைக் கொடுத்திருந்தார். அது எனக்கான தண்டனை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சின்னவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"ஒங்க புள்ளைக்கு ஓலக் குடிச கட்டணும்னீங்க. என் புள்ளைக்கு இருந்த வூடு போச்சுக்கா."

எனக்குக் கோபம் வந்தது. ஆம், கோபம்தான். போனைக் கொடுத்தது நீதானே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், அதை நினைத்ததே போதும். அவள் போய் மாமியாரின் காரில் ஏறினாள். நான் மிச்ச ஓலையை வெட்டி முடித்தேன்.

அந்த வருடமே அவள் பிள்ளைக்கென்று ஒரு சின்ன வெள்ளிக் காப்பு வாங்கினேன். ஆணா பெண்ணா என்று தெரியாது. நல்லபடியாகப் பிறந்ததா என்றும் தெரியாது. கொண்டு போய்க் கொடுக்கத் துணிவும் இல்லை. காப்பு பீரோவில் கிடந்தது. பிறகு நாங்கள் மந்தினுக்கு வந்து, இரண்டு அறை வீடு ஒன்றை என் பெயரில் வாடகைக்கு எடுத்தோம். மகள் இப்போது பள்ளியின் கடைசி வகுப்பு, படிவம் ஆறு படிக்கிறாள். தினமும் அவள்தான் கேட்டைப் பூட்டுகிறாள், நான் பூட்டினாலும் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

அண்ணன் குரல் வந்த மறு ஞாயிறு, காப்பை எடுத்துக்கொண்டு டீச்சரின் சொந்த வீட்டுக்குப் போனேன். நான் அண்ணனைப் போல இல்லை, செய்த தப்பை உணர்ந்தவள் என்று யாருக்காவது காட்ட வேண்டியிருந்தது. டீச்சருக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். நான் காப்பை மேசையில் வைத்தேன்.

"சின்னவ எங்க இருக்கான்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் டீச்சர். ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துருவேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், மாரியம்மன் சத்தியமா. புள்ளைக்கு முறைக்கு இதப் போடணும், அவ்வளவுதான். அட்ரஸ் மட்டும் குடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒரு சொல் மாறவில்லை. சத்தியத்துக்காகத் தூக்கிய என் கை இன்னும் மேலேயே இருந்தது. அதை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

டீச்சர் காப்பை எடுத்துப் பார்த்தார். ஆறு வயதுப் பிள்ளையின் கை அதற்குள் நுழையாது. திரும்ப என் பக்கம் தள்ளி வைத்தார்.

"ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பிள்ளை, சின்னவள், கேட்டிருக்கிறது" என்றார். "உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறது."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பிறகுதான் வேறொன்று புரிந்தது. புருஷன் வீட்டில் இருக்கிறவளுக்கு ஒளிக்க முகவரி எதற்கு?

"அப்ப அவ வெளிய வந்துட்டாளா டீச்சர்? புள்ளையோட வந்துட்டாளா?"

டீச்சர் என் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவ ஆரம்பித்தார். குழாய்ச் சத்தம் நிற்கும்வரை இருந்தேன், பிறகு காப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அவள் தப்பித்துவிட்டாள் என்ற சந்தோஷமும் இருந்தது, என் மூஞ்சியில் கதவைச் சாத்திவிட்டாளே என்ற ஆத்திரமும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் நான் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே போனேன் என்று அவளுக்குத் தெரியும்.

"குடுத்தாங்களா?"

"இல்ல."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டைப் பூட்டப் போனாள்.